உயிர்க்கோழிச் சந்தையும் பறவைக் காய்ச்சலும்: வாசகர் கேள்வி பதில்

கோழி, வாத்து, காடை முதலியவற்றை உயிரோடு கூண்டில் வைத்து விற்று, வாங்குபவர் கண்ணெதிரிலேயே அறுத்துக் கொடுக்கும் சந்தைகளில் மனிதருக்குப் பறவைக் காய்ச்சல் எப்படித் தொற்றுகிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு ஒரு கால்நடை மருத்துவரும் ஒரு தொற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கே: பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தாலே எங்கள் வீட்டில் கறியும் முட்டையும் நின்றுவிடும். சாப்பிட்டால் வருமா, வராதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ப: வெந்திருந்தால் வராது. (இரண்டு வார்த்தையாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கறித்துண்டின் நடுப்பகுதி வரை 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிவிட்டால் இந்த வைரஸ் பிழைக்காது. கொதிக்கும் குழம்பு 100 டிகிரியைத் தொடுகிறது, அதனால் நன்றாகக் கொதித்து வெந்த கறியைப் பற்றிக் கவலையே வேண்டாம். முழுக்கோழியை நெருப்பில் வாட்டும்போதுதான் சிக்கல் வருகிறது. வெளியே கருகியிருக்கும், தொடை எலும்பை ஒட்டி உள்ளே இளஞ்சிவப்பாகவே இருக்கும். குத்திப் பார்த்தால் வடியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும், சிவப்பாக வந்தால் இன்னும் வேகவில்லை. முட்டையில் வெள்ளைக்கரு, மஞ்சள்கரு இரண்டும் கெட்டியாக வேண்டும். நோய் பரவும் காலத்தில் அரைவேக்காடு முட்டை வேண்டாம். பச்சை ரத்தம் அறவே கூடாது. வியட்நாமில் வாத்தின் பச்சை ரத்தத்தில் செய்த பண்டத்தைச் சாப்பிட்டவர்களுக்கு எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வகை வந்திருக்கிறது. ஃபிரீசரில் வைத்தால் வைரஸ் செத்துவிடும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். குளிர் அதைக் கொல்லாது, பத்திரமாகப் பாதுகாக்கும்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. 1997இல் ஹாங்காங்கில் முதன்முதலாக எச்5என்1 மனிதர்களைத் தாக்கியது. 18 பேருக்கு நோய், அதில் 6 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களையும் அதே வயதில் நலமாக இருந்தவர்களையும் ஒப்பிட்டு விசாரித்தபோது, காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரத்தில் உயிர்க்கோழி விற்கும் கடைக்கோ சந்தைக்கோ போனதுதான் இரு தரப்பையும் பிரித்துக் காட்டியது. கோழிக்கறி சாப்பிட்டதும் சமைத்ததும் அப்படிப் பிரித்துக் காட்டவில்லை. தட்டில் இருக்கும் கறியைக் கண்டு பயப்படுகிறவர்கள், கூண்டுப் பக்கம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாதாரணமாக நிற்கிறார்கள். பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

கே: சந்தைக்குப் போனவருக்கு அப்படி எந்த வழியாகத்தான் தொற்றுகிறது? தொட்டாலே ஒட்டிக்கொள்ளுமா?

ப: தோலில் பட்டால் மட்டும் தொற்றாது. கண், மூக்கு, வாய், மூச்சுக்குழாய் இவற்றுக்குள் போனால்தான் தொற்றும். நோயுள்ள பறவையின் எச்சம், எச்சில், மூக்குநீர் மூன்றிலும் வைரஸ் ஏராளமாக இருக்கும். கோழியைப் பிடித்த கையால் கண்ணைத் தேய்ப்பது ஒரு வழி. காய்ந்த எச்சம் தூசியாகப் பறப்பது இன்னொரு வழி. மூன்றாவது வழிதான் மற்ற இரண்டையும்விட மோசமானது, ஆனால் பலருக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

அறுக்கும் இடத்தில் தெறிக்கும் நுண்துளிதான் அது. அந்த இடத்தைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். கழுத்து அறுபட்ட கோழி சிறகடித்துத் துடிக்கும்போது மூச்சுக்குழாயிலிருந்து ரத்தமும் சளியும் சிதறும். அடுத்து வெந்நீர்த் தொட்டி. இறகு இளகுவதற்காக 50 முதல் 60 டிகிரி வரை சூட்டில் ஓரிரு நிமிடம் முக்கி எடுப்பார்கள். கை பொறுக்காத அந்தச் சூடு வைரஸைக் கொல்லப் போதாது. 60 டிகிரியில்கூட அரை மணி நேரம் வேண்டும். அதே தண்ணீரில்தான் அடுத்தடுத்த கோழிகளும் முங்குகின்றன, எச்சம் கரைந்து தண்ணீரே பழுப்பாகிவிடும். அந்த ஈரத்தோடு கோழி இறகு பிடுங்கும் மிஷினுக்குள் போகிறது. உள்ளே ரப்பர் விரல்கள் நிறைந்த உருளை வேகமாகச் சுழலும், தண்ணீரைப் பனி போலத் தெறிக்கவிடும். மிஷினை இயக்குபவர் மட்டுமல்ல, பையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் காத்திருப்பவரும் அந்தப் பனியைத்தான் சுவாசிக்கிறார். அதற்குப் பிறகு குடலெடுப்பது, கடைசியில் வெட்டுக்கட்டை. கட்டையில் உள்ள கத்திக்கீறல்களுக்குள் போன ஈரம் எளிதில் காயாது.

உடம்புக்கு வெளியிலும் இந்த வைரஸ் தாக்குப்பிடிக்கும். எச்சத்தில் இருக்கும் எச்5என்1, 37 டிகிரி வெப்பத்தில் 6 நாள் வரைக்கும், 4 டிகிரிக் குளிரில் 35 நாளுக்குக் குறையாமலும் உயிரோடு இருக்கக் கூடியது. குளிர்காலத்தில் சந்தைத் தொற்று கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கே: தினமும் ஆயிரக்கணக்கானோர் சந்தைக்குப் போகிறார்கள். அத்தனை பேருக்கும் ஏன் வருவதில்லை?

ப: பறவை வைரஸ் ஒட்டிக்கொள்ள விரும்பும் ஒரு வகைச் சர்க்கரைக் கொக்கி பறவைகளின் குடலிலும் சுவாசப் பாதையிலும் நிறைய இருக்கிறது. நம் மூக்கு, தொண்டை செல்களில் பெரும்பாலும் இருப்பது வேறு வகைக் கொக்கி. பறவை வகைக் கொக்கி நம்மிடம் இல்லாமல் இல்லை, நுரையீரலின் ஆழத்திலும் கண்ணிலும் இருக்கிறது. ஆகவே தொற்று உண்டாக வேண்டுமானால் வைரஸ் நிறைய அளவில் வர வேண்டும், இல்லையென்றால் நுண்துளியாக நுரையீரலின் அடி வரை போக வேண்டும், அல்லது கண்ணில் பட வேண்டும். இறகு மிஷினை இவ்வளவு விரிவாகச் சொன்னது இதனால்தான். தொற்று அரிதாக இருப்பதற்கும், வந்தால் நேரே நிமோனியாவில் கொண்டுபோய் விடுவதற்கும் காரணம் ஒன்றேதான்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 2003இல் நெதர்லாந்தின் கோழிப் பண்ணைகளில் எச்7என்7 என்ற இன்னொரு வகை பரவியபோது 89 பேருக்குத் தொற்று உறுதியானது. பெரும்பாலோருக்கு வந்தது கண் சிவந்து நீர் வடியும் நோய் மட்டுமே. ஒரு கால்நடை மருத்துவர் நிமோனியாவில் இறந்தார். கோழியோடு வேலை செய்பவருக்குக் கண் சிவந்தால், அது வெறும் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொட்டு மருந்தோடு விட்டுவிடக் கூடாது.

கே: நல்ல சுறுசுறுப்பான கோழியாகப் பார்த்து வாங்கினால் போதாதா? நோய்க் கோழியை அனுபவசாலி பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாரே.

ப: எச்5என்1 என்றால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். கொண்டை நீலம் பாரிக்கும், முகம் வீங்கும், காலில் ரத்தப் புள்ளிகள் தெரியும், கூட்டமாகச் சாகும். அப்போதுங்கூட வாத்து பல சமயம் எந்த அறிகுறியும் காட்டாமல் வைரஸைக் கழித்துக்கொண்டே இருக்கும்.

அனுபவசாலிகளை முட்டாளாக்கியது எச்7என்9 என்ற வேறொரு வகை. 2013 மார்ச் கடைசியில் சீனாவின் ஷாங்காயிலிருந்தும் ஆன்ஹுய் மாகாணத்திலிருந்தும் முதல் நோயாளிகள் அறிவிக்கப்பட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஐந்து அலைகளாக வந்து, மொத்தம் 1,568 பேருக்குத் தொற்று உறுதியாகி, 616 பேரைக் கொன்றது. அந்த வைரஸைச் சுமந்த கோழிகள் தீனி தின்றன, முட்டையிட்டன, கொக்கரித்தன. மனிதர்கள் வென்டிலேட்டரில் கிடந்தபோது கோழிக்குத் தும்மல்கூட இல்லை.

பத்திரிகைகளில் ‘அதிக வீரியம்’, ‘குறைந்த வீரியம்’ என்று வருவதைப் படித்துப் பலரும் தடுமாறுகிறார்கள். அது கோழியை வைத்துப் போட்ட தரம். கோழிகளைக் கூட்டமாகக் கொன்றால் அதிக வீரியம், இல்லாவிட்டால் குறைந்த வீரியம், அவ்வளவுதான். மனிதருக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. தொடக்கத்தில் எச்7என்9 ‘குறைந்த வீரியம்’ என்ற பெயரோடுதான் உலவியது.

கே: பண்ணையிலும்தான் ஆயிரக்கணக்கில் கோழிகள் இருக்கின்றன. எல்லோரும் சந்தையையே ஏன் குறை சொல்கிறீர்கள்?

ப: பண்ணையில் ஒரே வயது, ஒரே இனம், ஒரே இடத்திலிருந்து வந்த குஞ்சுகள். தொற்று நுழைந்தால் எல்லாவற்றுக்கும் வரும், பிறகு அடங்கும். சந்தையில் பத்து ஊர்க் கோழி, வாத்து, காடை, புறா எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டின் தண்ணீர்க் கிண்ணத்தில் விழும். நேற்று விற்காத கோழி இன்று வந்ததற்கு வைரஸைக் கொடுக்கும், இன்று வந்தது நாளை வருவதற்குக் கொடுக்கும். அணையப்போகும் அடுப்பில் தினமும் புது விறகு செருகுவது போலத்தான் இது. மேலும், சந்தைக்கு வந்துபோன கூண்டுகள் கழுவாமல் பண்ணைக்குத் திரும்பினால் நோயும் கூடவே ஊர் திரும்புகிறது.

பல இனப் பறவைகள் கலப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இன்ஃப்ளுயன்சா வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே பறவைக்குள் இரண்டு வகை வைரஸ் நுழைந்தால் துண்டுகள் இடம் மாறிப் புது வைரஸ் பிறக்கலாம். எச்9என்2 என்ற வைரஸ் கோழிக்கும் மனிதருக்கும் பொதுவாக லேசான நோய்தான் தரும், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எச்7என்9க்கு இப்படி மரபுத் துண்டுகளை இரவல் கொடுத்தது எச்9என்2தான். 2013 டிசம்பரில் சீனாவின் நான்சாங் நகரில் உயிர்க்கோழிச் சந்தைக்குப் போய்வந்த 73 வயதுப் பெண்மணியைக் கொன்ற எச்10என்8க்குள்ளும் அதே இரவல் இருந்தது.

இதற்கு ஹாங்காங் செய்த வைத்தியத்தைப் படிப்படியாகப் பார்ப்பது நல்லது. 1997 டிசம்பரில் அங்கே சந்தைக் கோழிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிடம் வைரஸ் இருந்தது. அந்த ஆண்டின் கடைசி நாள்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழித்தார்கள். புதிய மனித நோயாளிகள் வருவது நின்றது. அதன் பிறகு வாத்தையும் கூஸ் என்னும் பெரிய வாத்தினப் பறவையையும் சில்லறைச் சந்தையிலிருந்து பிரித்துத் தனி இடத்தில் அறுக்கச் செய்தார்கள். 2001இல் மாதம் ஒரு நாள் ‘ஓய்வு நாள்’ வந்தது. அன்று எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் காலியாக வேண்டும், மிச்சக் கோழிகளை அறுத்துவிட வேண்டும், கழுவிக் கிருமிநாசினி தெளித்துக் காயவிட வேண்டும். 2002இல் காடையை விலக்கினார்கள். 2003இல் ஓய்வு நாள் மாதம் இரண்டானது. 2008இல், இரவில் ஒரு கோழியையும் உயிரோடு கடையில் வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கடைசி விதியைத்தான் நாங்கள் உயர்வாக மதிக்கிறோம். இரவு தங்கும் கோழி இல்லையென்றால் நேற்றிலிருந்து இன்றுக்கு வைரஸைக் கடத்த ஆள் இல்லை.

கே: கோழிக்கடை வைத்திருக்கிறேன். தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டுத்தான் கழுவுகிறேன். ஆனாலும் சோதனைக்கு வந்தவர்கள் வைரஸ் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். எங்கே தவறு?

ப: பெரும்பாலும் வரிசையில்தான் தவறு இருக்கும். எச்சமும் ரத்தமும் கொழுப்பும் படிந்த இடத்தில் நேராகப் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் அந்த அழுக்கோடு மோதியே தீர்ந்துபோகும், வைரஸுக்கு மிச்சம் இருக்காது. போதாக்குறைக்கு, எச்சத்தில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் வாயு கிளம்பும். ‘வாடை தூக்கலாக இருந்தால் நன்றாக வேலை செய்கிறது’ என்று கடைக்காரர்கள் நினைப்பது இந்த வாயுவைத்தான்.

முதலில் கோழி, தீனி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கோழி ஒன்றாவது உள்ளே இருக்கும்போது செய்யும் கழுவல் கணக்கில் வராது. காய்ந்த எச்சத்தைப் பெருக்காதீர்கள், தூசி பறக்கும். தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டுச் சுரண்டி எடுத்துப் பையில் கட்டுங்கள். அடுத்து சோப்புத்தூள் கரைசலும் பிரஷும். இந்த வைரஸின் வெளியுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். பாதி வேலை இங்கேயே முடிகிறது. மேல் கூண்டிலிருந்து கீழாகவும், உள்ளிருந்து சாக்கடை பக்கமாகவும் தேயுங்கள். ஹோஸ் பைப்பை எடுத்ததும் வேகமாகப் பீய்ச்ச வேண்டாம், அழுக்கு நுண்துளியாகக் கிளம்பி உங்கள் மூக்குக்கே வரும். நிதானமாக அலசி, தேங்கிய தண்ணீரை வழித்துவிடுங்கள். தரை சொட்டச் சொட்ட இருந்தால் பிறகு ஊற்றும் கரைசல் நீர்த்துப்போகும்.

இதற்குப் பிறகே கிருமிநாசினி. சுமார் 33 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால், 10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு 150 கிராம் போட்டால் 0.5 சதவீதக் கரைசல் கிடைக்கும். அறுக்கும் மேடை, இறகு மிஷின், சாக்கடைக்கு இது. தேய்த்துக் கழுவிய கூண்டு, சுவர், தராசுக்கு 10 லிட்டருக்கு 30 கிராம் போதும். பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பிறகு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்தெளிவை எடுத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதத் திரவ பிளீச் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், லேசானதற்கு நாற்பத்தொன்பது பங்கு. ஊற்றியவுடன் அலசக் கூடாது, 10 நிமிடம் அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும். வெயிலில் ஐந்து நிமிடத்தில் காய்ந்தால் மறுபடி நனையுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் அலசிவிட்டால் இரும்பு துருப்பிடிக்காது. கடைசியில் முழுக்கக் காயவிட வேண்டும்.

கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். மூட்டையைத் திறந்தே வைத்து ஈரம் ஏறி, கட்டி தட்டி, வாடையும் போன பவுடரில் பெயர்தான் மிச்சம். பிளீச்சோடு ஆசிட், பினாயில் எதையும் கலக்காதீர்கள், குறிப்பாக ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மரக்கூண்டும் மர வெட்டுக்கட்டையும் எவ்வளவு கழுவினாலும் முழுக்கச் சுத்தமாகாது. பிளாஸ்டிக், ஸ்டீல் என்று மாற்றினால்தான் உங்கள் உழைப்புக்குப் பலன். இறகு மிஷினைக் கழுவும்போது ரப்பர் விரல்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். சோதனைப் பஞ்சைத் தேய்க்கிறவர்கள் முதலில் போவது அங்கேதான், வெட்டுப்பலகையும் தண்ணீர்க் கிண்ணமும் அடுத்தபடி.

சோதனை முடிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்டி-பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனை வைரஸின் மரபுப்பொருளைக் கண்டுபிடிக்கிறது. செத்த வைரஸின் துண்டும் அதில் தெரியும். ‘பாசிட்டிவ்’ என்றால் உங்கள் கடை வழியாக வைரஸ் போயிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தப்பான ரிப்போர்ட் என்று தூக்கிப் போடாமல், எந்த இடத்துப் பஞ்சில் வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

கே: இறகு பிடுங்கும் மிஷினில் வேலை. துணி மாஸ்க் போடுகிறேன். போதுமா?

ப: போதாது. நுண்துளியைத் தடுக்க முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்95 வேண்டும். தாடி இருந்தால் இடைவெளி வழியாகக் காற்று நுழையும். நனைந்த மாஸ்க்கை உடனே மாற்ற வேண்டும், அதனால் ஒரு நாளைக்கு ஒன்று பத்தாது. எல்லோரும் மறப்பது கண்ணைத்தான். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி போடுங்கள். ரப்பர் கையுறை, முழங்காலுக்குக் கீழே இறங்கும் பிளாஸ்டிக் ஏப்ரன், ரப்பர் பூட்ஸ் வேண்டும்.

போடுவதைவிடக் கழற்றுவதில்தான் தொற்று அதிகம். பூட்ஸையும் ஏப்ரனையும் கழுவி, ஏப்ரன், பூட்ஸ், கையுறை எனக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதற்குப் பிறகு கண்ணாடி, கடைசியில் மாஸ்க், இரண்டையும் பின்பக்கத்து நாடாவைப் பிடித்தே கழற்ற வேண்டும். மறுபடி கை கழுவுங்கள். வேலைத் துணியோடு வீட்டுக்குப் போகக் கூடாது.

இது எல்லாவற்றையும்விட மலிவான பாதுகாப்பு மிஷினுக்கு ஒரு மூடி. மூடியைப் போட்டு ஓட்டுங்கள், உருளை நின்ற பிறகு திறங்கள். அறுக்கும் கோழியைப் புனலுக்குள் தலைகீழாக விட்டால் சிறகடிப்பு அடங்கும். முடிந்தால் அறுக்கும் இடத்துக்கும் வாடிக்கையாளர் நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு.

கே: சந்தையில் வேலை செய்யும் என் தம்பிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். சாதாரண ஃப்ளூ என்று மாத்திரை கொடுத்தார்கள். பயப்பட வேண்டுமா?

ப: இன்றே மறுபடி அழைத்துப் போங்கள். உள்ளே நுழையும்போதே மாஸ்க் போட்டு, ‘கோழிச் சந்தையில் வேலை செய்கிறார், அறுக்கிறார்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லியாக வேண்டும். இந்த ஒரு தகவல் இல்லாமல் எந்த மருத்துவருக்கும் பறவைக் காய்ச்சல் நினைவுக்கு வராது. காய்ச்சல், இருமல், தொண்டைவலி, உடம்புவலி எல்லாம் மற்ற ஃப்ளூ போலவேதான் தொடங்கும், சிலருக்குப் பேதியும் வரும். மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, சளியில் ரத்தம், குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரே ஆக்சிஜன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பறவையைத் தொட்டதிலிருந்து அறிகுறி வரப் பொதுவாக 2 முதல் 5 நாள் ஆகும், எச்7என்9இல் 10 நாள் வரை போனதுண்டு. ஆகவே நோய்ப் பறவையோடு பழகியவர் கடைசியாகத் தொட்ட நாளிலிருந்து 10 நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்க வேண்டும்.

கிளினிக்கில் செய்யும் ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ் என்றால் நிம்மதி அடைய வேண்டாம். அது பல தொற்றுகளைத் தவறவிடும். பாசிட்டிவ் என்று வந்தாலும் ‘இன்ஃப்ளுயன்சா ஏ’ என்றுதான் சொல்லும், பறவை வகையா மனித வகையா என்று பிரிக்காது. அதற்கு ஆர்டி-பிசிஆர் வேண்டும். நிமோனியா வந்தவரிடம் மூக்குப் பஞ்சு நெகட்டிவாக இருந்தாலும் நுரையீரலுக்குள்ளிருந்து எடுத்த சளியில் வைரஸ் கிடைக்கலாம். கண் சிவந்திருந்தால் கண்ணிலிருந்தும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

மருந்து ஓசல்டாமிவிர். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மில்லிகிராம், நாளைக்கு இருமுறை, 5 நாள். குழந்தைக்கு எடையைப் பொறுத்தும், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குக் குறைத்தும் மருத்துவர் தீர்மானிப்பார். நோய் கடுமையானால் நாள்களைக் கூட்டுவார்கள். 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். தாமதமாகிவிட்டது என்று விட்டுவிடவும் கூடாது. டெஸ்ட் முடிவுக்குக் காத்திராமல் தொடங்குவதே நடைமுறை. ஆன்டிபயாடிக் இந்த வைரஸைத் தொடாது.

கே: ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்குமா?

ப: தடுக்காது. ஆனாலும் கோழி வேலை செய்பவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும் என்றே சொல்வோம். ஒரே ஆளுக்குள் மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே சமயத்தில் நுழைந்தால், மேலே சொன்ன எட்டுத் துண்டு இடமாற்றம் மனித உடம்பிலேயே நடக்கலாம். 1957, 1968ஆம் ஆண்டுகளில் உலகைச் சுற்றிய ஃப்ளூ வைரஸ்கள் மனித, பறவை வைரஸ்களின் துண்டுகள் கலந்து பிறந்தவை. ஊசி அந்தச் சந்திப்புக்கான வாய்ப்பைக் குறைக்கிறது.

கே: நோயாளியைக் கவனித்துக்கொள்பவருக்குத் தொற்றுமா?

ப: மிக அரிதாகத் தொற்றியிருக்கிறது. 2004இல் தாய்லாந்தில் நோயுற்ற சிறுமியை ஆஸ்பத்திரியில் மணிக்கணக்காகப் பக்கத்திலிருந்து கவனித்த தாய்க்கும், பெரியம்மாவுக்கும் வந்தது. அங்கிருந்து மேலே பரவவில்லை. மனிதரிலிருந்து மனிதருக்குச் சங்கிலியாகத் தொடர்ந்து பரவும் திறன் இந்த வைரஸ்களுக்கு இதுவரை வரவில்லை. கவனிப்பவருக்கு மாஸ்க்கும் கை கழுவுவதும் கட்டாயம்.

கே: இவ்வளவு ஆபத்து என்றால் உயிர்க்கோழிச் சந்தைகளை ஒரேயடியாக மூடிவிடலாமே?

ப: மூடினால் உடனே பலன் தெரியும் என்பதில் சந்தேகமில்லை. 2013 ஏப்ரலில் ஷாங்காய், ஹாங்சோ, ஹூசோ, நான்ஜிங் ஆகிய நகரங்களில் சந்தைகளை மூடியபோது, எச்7என்9 மனிதத் தொற்று 97 முதல் 99 சதவீதம் வரை குறைந்ததாகக் கணக்கிட்டார்கள்.

பிறகு நடப்பதுதான் சிக்கல். விற்காத கோழி காற்றில் கரைந்துவிடாது. வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டு சந்தை திறந்திருக்கும் பக்கத்து மாவட்டத்துக்குப் போவார். இல்லாவிட்டால் தெருவோரம், பின்வாசல் என்று கண்காணிப்புக்கு எட்டாத இடத்தில் விற்பார். ஒரு நகரம் மட்டும் முன்னறிவிப்பில்லாமல் மூடினால் நோயை அடுத்த ஊருக்கு அனுப்பி வைத்ததாக ஆகிவிடும். மூடுவதென்றால் சுற்று வட்டாரம் முழுக்க ஒரே நாளில் மூட வேண்டும், இருப்பில் உள்ள பறவைகளுக்கு இழப்பீடு தர வேண்டும், குளிரூட்டிய கறி விற்க வசதி செய்ய வேண்டும். இழப்பீடு இல்லாத இடத்தில் எந்தக் கோழிக்காரரும் நோயைச் சொல்ல மாட்டார். அவரைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை.

சீனாவில் எச்7என்9ஐ அடக்கியது வேறு ஒன்று. 2016 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் அலையில் மட்டும் 766 பேர் பாதிக்கப்பட்டார்கள். 2017 செப்டம்பரில் நாடு முழுக்கக் கோழிகளுக்கு எச்5, எச்7 இரண்டுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அடுத்த பருவத்தில் மனித நோயாளிகள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினார்கள். தடுப்பூசிக்கும் ஒரு விலை உண்டு. ஊசி போட்ட கோழி நோய் காட்டாமலேயே கொஞ்சம் வைரஸைக் கழிக்கக்கூடும், அதனால் சோதனைகளைக் கூட்ட வேண்டுமே தவிரக் குறைக்கக் கூடாது. எல்லாச் சந்தைக்கும் பொருந்தும் ஒரே ஒரு விதியை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இரவில் காலிக் கூண்டு என்பதைத்தான் சொல்வோம்.

கே: சந்தையில் வாங்கிய கோழியின் குடலையும் தலையையும் பூனைக்குப் பச்சையாகப் போடுவது வழக்கம்.

ப: நிறுத்திவிடுங்கள். எச்5என்1 பூனைக்கு உயிர்க்கொல்லி. 2004 அக்டோபரில் தாய்லாந்தின் ஒரு புலிப் பூங்காவில் நோயுற்ற கோழிகளைப் பச்சையாகத் தின்ற புலிகளுக்குத் தொற்றி, 441 புலிகளில் 147 இறந்தன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. வேகவைத்துப் போட்டால் பூனைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

கே: பல ஆண்டுகளாக உயிர்க்கோழி வாங்கித்தான் பழக்கம். விட முடியாது. வாங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ப: கோழியை நீங்கள் தூக்கிப் பார்க்க வேண்டாம், விரலால் காட்டுங்கள். மார்பை அழுத்தி, வாலைத் தூக்கிப் பார்த்து, ஊதி இறகை விலக்கிப் பார்ப்பதில் முகம் எச்சத்துக்குப் பக்கத்தில் போகிறது. அறுக்கச் சொல்லிவிட்டு மிஷினிலிருந்து தள்ளிப் போய் நில்லுங்கள், குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள். வீட்டில் கொண்டுபோய் அறுப்பதைவிடக் கடையிலேயே அறுத்துச் சுத்தம் செய்து வாங்குவது மேல். வீட்டுச் சமையலறையில் இறகு பிடுங்குவது மிக ஆபத்தான வேலைகளில் ஒன்று.

கறியைக் குழாயடியில் பிடித்துக் கழுவும் பழக்கத்தை மாற்றச் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்று தெரியும். கழுவியே ஆக வேண்டுமென்றால், குழாயைத் திறந்துவிடாமல் ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து அதற்குள் மெதுவாக அலசுங்கள், தெறிப்பு குறையும். பச்சைக்கறிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. வேலை முடிந்ததும் 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கே: காலையில் கடை திறந்தால் ஒரே கூண்டில் மூன்று கோழி செத்துக் கிடக்கிறது. மிச்சத்தை உடனே அறுத்து விற்றுவிடலாமா?

ப: கூடாது. நீங்களும் உங்கள் ஆட்களும்தான் முதலில் மாட்டிக்கொள்வீர்கள். செத்த கோழியை அறுத்துப் பார்க்க வேண்டாம், சாக்கடையிலோ குப்பையிலோ போடவும் வேண்டாம். கையுறை, என்95, கண்ணாடி போட்டுக்கொண்டு, செத்தவற்றின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, இரண்டு பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, நாய் பூனை எட்டாத இடத்தில் வையுங்கள். அந்தக் கூண்டிலும் அக்கம்பக்கக் கூண்டுகளிலும் உள்ள கோழிகளை எங்கும் நகர்த்தாதீர்கள், பண்ணைக்குத் திருப்பி அனுப்பவும் கூடாது. கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லி, எந்தப் பண்ணையிலிருந்து எந்தத் தேதியில் எத்தனை கோழி வந்தது, அதே வண்டிச் சரக்கு வேறு எந்தக் கடைகளுக்குப் போனது என்ற விவரத்தை எழுதிக் கையில் தயாராக வைத்திருங்கள். அவர்கள் வந்ததும் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். மாதிரி எடுக்கும் வரை கூண்டைக் கழுவ வேண்டாம். அன்று கடையில் இருந்த ஒவ்வொருவரின் பெயரையும் குறித்துக்கொண்டு, 10 நாள் காய்ச்சல் பார்க்கச் சொல்லுங்கள்.